உள்ளே நைந்த குழாய்

பழைய கார் வைத்திருப்போர் எஞ்சினின் ஓசையைக் காதுகொடுத்துக் கேட்கின்றனர். டயரைத் தடவிப் பார்க்கின்றனர். முன்சக்கரத்தின் உட்புறம், வண்டியின் உடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே வளைந்து தொங்கும் ரப்பர் குழாயைக் குனிந்து பார்ப்போர் மிகச் சிலரே. பிரேக் ஹோஸ் என்பது அதன் பெயர். நீளம் ஒரு முழம் இருந்தால் அதிகம். ஆயினும், மிதியை அழுத்தும் நம் காலின் விசை சக்கரத்தைச் சென்றடைய அதை விட்டால் வேறு வழியில்லை.

பிரேக் ஆயில் செல்லும் பாதையின் பெரும்பகுதி மெல்லிய இரும்புக் குழாயால் ஆனது. சக்கரமோ மேலும் கீழும் ஏறி இறங்குகிறது. முன்சக்கரம் இடமும் வலமும் திரும்பவும் வேண்டும். இரும்பு அத்தனை வளைவைத் தாங்காது என்பதால் கடைசித் துண்டு மட்டும் ரப்பரில் அமைகிறது. உள்ளே ஒரு ரப்பர் குழல், அதன்மேல் நூலிழைப் பின்னல், அதற்கும் மேல் மற்றொரு ரப்பர் உறை. பலமாகப் பிரேக் பிடிக்கும்போது அதனுள் ஏறும் அழுத்தம் டயரில் உள்ள காற்றழுத்தத்தைப்போல் முப்பது மடங்குக்கும் மேல் போகும்.

மேலுறையில் வெடிப்பு விழுந்தால் கண்ணுக்குத் தெரியும். உள்குழல் நைந்து உரிந்தால் தெரியாது. உரிந்த தோல் ஒரு பக்கமாக மட்டும் திறக்கும் கதவுபோல் ஆகிவிடுகிறது. காலின் விசையால் ஆயில் உள்ளே பாய்கிறது. காலை எடுத்த பின் திரும்பி வர வழி கிடைப்பதில்லை. பிரேக் அந்த ஒரு சக்கரத்தை மட்டும் விடாமல் பற்றிக்கொண்டே இருக்கும். சக்கரம் சூடேறும், வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். சற்று நேரம் நிறுத்தி வைத்தால் ஆயில் மெல்லக் கசிந்து திரும்பிவிடும்; அதன்பின் எந்தக் குறையும் இல்லாததுபோல் வண்டி ஓடும்.

வாப்பா வாங்கி எனக்கு விட்டுச்சென்ற 1999ஆம் ஆண்டு மாருதி 800-இல் நான் கண்டது இதைத்தான். காயல்பட்டினத்தில் எங்கள் வீடு கடற்கரையிலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ளது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் ஆறுமுகநேரியின் உப்பளங்கள். இந்தக் காற்றில் சன்னல் கம்பியே பொருக்கு விடும்போது காரின் அடிப்பகுதி தப்புமா? வண்டியை விற்பதென்று முடிவெடுத்து, விலையும் பேசியாயிற்று. வாங்க வந்தவர் மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் இளைஞர். மனைவி, இரு பிள்ளைகள், மாதந்தோறும் திருநெல்வேலி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டிய உம்மா ஆகியோருக்காகத்தான் அவர் கார் தேடினார். ஊருக்குள் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தார், திருப்தி என்றார், முன்பணமும் தந்தார். அதற்கு இரண்டு நாள் கழித்து நான் திருநெல்வேலி சென்று திரும்பிய வழியில்தான் இடது சக்கரத்திலிருந்து கருகிய வாடை எழுந்தது. பத்து நிமிட ஓட்டத்தில் அது ஒருபோதும் வெளிப்பட்டிருக்காது.

இடையில் நின்று விலை பேசிய தரகர் நல்ல மனிதர்தான். அவர் சொன்னது இது: “பழைய வண்டி பழைய வண்டிதானே பாய். பார்த்துத்தானே கை கொடுத்தாரு? வாங்குறவங்க பிரேக் வேலை பார்த்துக்கத்தான் செய்வாங்க.” பழைய வாகன வியாபாரத்தில் இது ஊரறிந்த வழக்கம், அவர் பொய் சொல்லவில்லை.

நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, விரல்களில் ஈரத்தை உணர்ந்த நிகழ்வை நம் பிள்ளைகள் மக்தபிலேயே கேட்டு வளர்கின்றனர். மழையில் நனைந்துவிட்டது என்று வணிகர் காரணம் கூறினார். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாமே என்பதுதான் அவரிடம் கேட்கப்பட்டது. இந்நிகழ்வைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அந்த வணிகரை ஏமாற்றுக்காரராகவே காட்டிவிட்டுக் கடந்துபோகின்றனர். எனக்கு அதில் எப்போதும் உறுத்துவது வேறொன்று. தானியத்தை நனைத்தது அவர் அல்லர், மழை. குறையை உண்டாக்கியவர் யார் என்ற விசாரணையே அங்கு நடக்கவில்லை. அறிந்தவர் யார் என்பதே கேள்வி. என் காரின் குழாயை நைய வைத்ததும் காலமும் காற்றும்தாம். ஆனால் அந்த வாடையை முகர்ந்தவன் நான்.

மார்க்கச் சட்டப்படி, குறையை எடுத்துச் சொல்லி, அதற்கேற்ப விலையைக் குறைத்து விற்றால் போதும். மறைக்கப்பட்ட குறை பின்னர் வெளிப்பட்டால் பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. குறையை அறிந்தே வாங்கினால் அது அவர் விருப்பம். இவ்வளவும் தெளிவானவை. என்றாலும் பிரேக் என்பது கிழிந்த இருக்கை போன்றதன்று. அவரிடம் சொல்லிவிட்டால் அவரோடு என் கணக்குத் தீர்ந்துவிடும். பின் இருக்கையில் அமரும் பிள்ளைகளும், சாலையைக் கடக்கும் முன்பின் அறியாதவர்களும் அந்தப் பேச்சில் எங்கே இருந்தனர்? ஆகவே, தொலைபேசியில் விவரத்தைச் சொல்லி, மாற்றிய பிறகே சாவியைத் தருவேன் என்றேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வேலை நடக்கும் அன்று தாமும் வருவதாகக் கூறினார்.

ஹோஸின் விலை சில நூறு ரூபாய்தான். அதைக் கழற்றுவதில்தான் தொல்லை. இரும்புக் குழாயின் முனையில் உள்ள சிறிய நட், ஹோஸின் இரும்பு வாய்க்குள் திருகி இறுக்கப்பட்டிருக்கும். பத்து மில்லிமீட்டர் ஸ்பேனர் பிடிக்கும் நட். சுண்டுவிரல் நுனி அளவு. கால் நூற்றாண்டின் உப்புக்காற்றில் நட், ஹோஸ், குழாய் மூன்றும் ஒன்றோடொன்று துருவால் ஒட்டிப்போயிருந்தன. சாதாரண ஸ்பேனரை மாட்டித் திருகினால் நட்டின் முனைகள் மழுங்கிவிடும். அதற்கும் மேல் பலம் கொடுத்தால், உள்ளே ஒட்டிய குழாயும் நட்டோடு சேர்ந்து முறுக்கிக்கொண்டு ஒடியும். பிறகு அந்தக் குழாய் முழுவதையும் மாற்ற வேண்டும்.

எங்கள் மெக்கானிக் அண்ணாச்சி பார்த்தவுடன் கை வைக்கவில்லை. “மூணு நாளைக்கு எண்ணெய் விட்டுட்டு வாங்க பாய்” என்று அனுப்பிவிட்டார். இரும்புத் தூரிகையால் துருவைத் தேய்த்து, துருவை இளக்கும் எண்ணெயை நட்டின் விளிம்பில் மட்டும் துளித்துளியாக விடச் சொன்னார். அந்த எண்ணெய் ரப்பருக்கு ஆகாது. பழைய ஹோஸ் எப்படியும் போகப்போவது என்பதால்தான் அனுமதித்தார். மூன்று நாளும் அஸ்ர் தொழுதுவிட்டு வந்து வண்டிக்கடியில் படுத்தேன். ஊரில் பாதிப் பேர் வந்து என் கால்களோடு நலம் விசாரித்துவிட்டுப் போயினர்.

நான்காம் நாள் பட்டறையில், வலப்புற நட் எதிர்பார்த்ததைவிட எளிதில் இணங்கியது. அண்ணாச்சி நட்டின் முனைகளைத் தழுவிப் பிடிக்கும் பிரேக் குழாய் ஸ்பேனரை மாட்டி, கழற்றும் திசைக்கு முன்னால் இறுக்கும் திசையில் ஒரு மயிரிழை திருப்பினார். துருவின் பிடி அந்த அசைவிலேயே உடைந்துவிடும் என்றார். பிறகு வெளித் திசையில் கொஞ்சம், மறுபடி உள்ளே கொஞ்சம், மறுபடி எண்ணெய்.

இடப்புறம் இதற்கெல்லாம் அசையவில்லை. வேடிக்கை பார்த்த ஒருவர் கேஸ் நெருப்பைக் காட்டச் சொன்னார். பட்டறைகளில் இலவசமாகக் கிடைப்பது இத்தகைய யோசனைதான். ஆயில் நிறைந்த குழாயருகே நெருப்பா என்று அண்ணாச்சி அவரை ஒரு பார்வை பார்த்தார். பிரேக் ஆயில் எரியக்கூடியது.

அதன்பின் என்னிடம் திரும்பி, “ஹோஸை வெட்டணும் பாய். வெட்டிட்டா வேலை முடியுறவரைக்கும் வண்டி இங்கேருந்து நகராது. வெட்டட்டுமா?” என்று கேட்டார். அரைகுறையாகப் பூட்டி ஓட்டிச் செல்லும் வாய்ப்பு அத்தோடு முடிகிறது என்பதால் என் வாயாலேயே சொல்ல வைத்தார். சரி என்றேன். ரப்பரை அறுத்தார், பிராக்கெட்டில் பிடித்திருந்த கிளிப்பைத் தட்டி எடுத்தார். இப்போது ஹோஸின் இரும்பு முனை தனித்து நின்றது. நட்டைச் சுழற்றும் முயற்சியையே கைவிட்டார். நட்டை ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, ஹோஸ் முனையை வைஸ் கிரிப்பால் கவ்வித் திருப்பினார். இரும்புக் குழாயின் மேல் ஒரு துளி முறுக்கும் விழவில்லை. ‘டக்’ என்று ஓசை; உடன் என்னையறியாமல் ஓர் அல்ஹம்துலில்லாஹ்.

புதிய ஹோஸைப் பூட்டுவதில் சொல்வதற்கு அதிகம் இல்லை. முதல் சில சுற்றுகள் விரலால் மட்டும். காலிப்பர் பக்கம் புதிய செப்பு வாஷர்கள். பழையது இற்றுப்போனதால் கிளிப்பும் புதிது. ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுவதுமாகத் திருப்பி, குழாய் முறுக்கிக்கொள்கிறதா, டயரில் உரசுகிறதா என்று பார்த்தார்.

ளுஹருக்குப் பிறகு அந்த இளைஞர் வந்துசேர்ந்தார். காற்றை வெளியேற்ற மிதியை அழுத்த ஓர் ஆள் தேவைப்பட்டது. அவரையே ஓட்டுநர் இருக்கையில் அமர்த்தினோம். “மிதிங்க… பிடிங்க… விடுங்க” என்ற குரலுக்கேற்ப அவர் மிதிக்க, தெளிந்த குழல் வழியே தேநீர்க் கஷாயம்போல் கறுத்த ஆயில் பாட்டிலில் இறங்கியது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. நீர் கலந்த பிறகு அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கடற்கரையோரம் இருப்போர் இரண்டாண்டுக்கு ஒருமுறை அதை மாற்றிவிடுவது நல்லது. பெயின்டில் சிந்தினால் அதை அரித்துவிடும். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவவேண்டும்.

குமிழிகள் நின்று, மிதி கெட்டிப்பட்ட பின் அவர் இறங்கி வந்தார். வெட்டிய ஹோஸை அண்ணாச்சி கத்தியால் நீளவாக்கில் பிளந்து அவர் கையில் தந்தார். வெளியே கறுப்பு மங்காத ரப்பர். உள்ளே, பாதி வழியில், நாக்குபோல் உரிந்து தொங்கும் தோல். அவர் அதைச் சுண்டுவிரலால் முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

“பின்னாடி போற ஹோஸுக்கும் இதே வயசுதானே காக்கா?” என்றார்.

இதே வயதுதான். அதற்கான செலவு விற்பவனுடையதா, வாங்குபவருடையதா என்று அவரும் நானும் பேசத் தொடங்கினோம். அண்ணாச்சி எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு வண்டியின் பின்புறம் போய்ப் படுத்துவிட்டார்.