சின்ன லேப்டாப், பெரிய வேலை: பணம் கட்டுறதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்விகள்

1/
லேப்டாப் விளம்பரத்துல கொட்டை எழுத்துல போடுற எண்கள் வேற. அந்த லேப்டாப்பை வெச்சுப் பிழைக்கிறவங்க கேட்கிற விஷயங்கள் வேற. கையில தூக்கிட்டுப் போற சைஸ்ல, ஆனா கனமான வேலையும் பார்க்கிற "மொபைல் வொர்க்ஸ்டேஷன்" வாங்கலாம்னு ஒன்றரை லட்சம் எடுத்து வெச்சிருக்கீங்களா? அப்போ இந்த இழை உங்களுக்குத்தான். கொஞ்சம் நீளம். நிதானமா படிங்க.

2/
நான் அரசு மருத்துவமனைல வேலை பார்க்கிற எம்பிபிஎஸ் டாக்டர். கம்ப்யூட்டர் கடைக்காரன் கிடையாது. என் சித்தி பையன் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். கம்பெனி வேலையை விட்டுட்டு சொந்தமா ஆபீஸ் போடுறான். முதல் செலவே லேப்டாப், அதுவும் மாதத் தவணைல. "அண்ணே, நீங்க நாலு பேரைப் பார்க்கிற ஆளு, கொஞ்சம் விசாரிச்சு சொல்லுங்க"ன்னான். ரெண்டு வாரம் எங்க ரேடியாலஜிஸ்ட், சைட் இன்ஜினியர் நண்பர்கள், கல்யாண வீடியோ எடிட் பண்றவர், ஆடிட்டர்னு எல்லார்கிட்டயும் ஒரே கேள்விதான் கேட்டேன்: "உங்க லேப்டாப் உங்களை எப்போ கைவிடுது?"

3/
ஒருத்தர்கூட "வேகம் பத்தலை"ன்னு ஆரம்பிக்கலை. "வெயில்ல ஸ்கிரீன் தெரியலை", "சார்ஜரைப் பிடுங்கினா மந்தமாகுது", "புரொஜெக்டர்ல மாட்ட ஓட்டை இல்லை", "தோள்பட்டை வலிக்குது". பதில்கள் இப்படித்தான் வந்துச்சு. கிட்டத்தட்ட எங்க ஓபி மாதிரியே. நோயாளி சொல்ற கம்ப்ளைன்ட் ஒண்ணு, ஸ்கேன் சென்டர் விளம்பரம் வேற ஒண்ணு.

4/
முதல்ல பெயர் விளக்கம். லெனோவோவுல திங்க்பேட் பி வரிசை, ஹெச்பியில இசட்புக், டெல்லுல பிரிசிஷன் (2025ல டெல் ப்ரோ மேக்ஸ்னு பேரு மாத்தினாங்க). இதெல்லாம் வொர்க்ஸ்டேஷன் வகை. சாதாரண லேப்டாப்ல இருந்து ரெண்டு விஷயத்துல முக்கியமா வேறுபடும். கிராஃபிக்ஸ் கார்டு உள்ள மாடல்கள்ல கேம் ஆடுறவங்களுக்கான கார்டுக்குப் பதிலா பெரும்பாலும் தொழில்முறை கார்டு இருக்கும். ரெண்டாவது, ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் மாதிரி மென்பொருள்களோட சோதிச்சுப் பார்த்து "இது இதுல ஒழுங்கா ஓடும்"னு சான்று வாங்கியிருப்பாங்க. அந்த சான்றுக்கும் சேர்த்துத்தான் நாம காசு கொடுக்கிறோம். அந்த மென்பொருளே உங்க வேலைல இல்லைன்னா, அந்தக் காசு வீண்.

5/
இப்போ முக்கியமான விஷயம். பிராசஸருக்கு ரெண்டு வேகம் உண்டு. உதாரணத்துக்கு 2023ல வந்த இன்டெல் கோர் ஐ7-1360பி. அடிப்படை மின்சக்தி 28 வாட். உச்சத்துல 64 வாட் வரை போகும். விளம்பரத்துல வர்றது அந்த உச்ச வேகம். ஆனா மெல்லிசான பெட்டிக்குள்ள அந்தச் சூட்டை வெளியேத்த இடம் பத்தாது. சூடு ஏறினதும் லேப்டாப் தானே வேகத்தைக் குறைச்சுக்கும். காய்ச்சல் வந்தா உடம்பு நம்மளைப் படுக்க வைக்குதே, அதே மாதிரி.

6/
ஓபில முதல் டோக்கன்காரரை 10 நிமிஷம் பார்த்துட்டு, 150வது டோக்கன்காரரை 10 செகண்ட்ல அனுப்பினா அது நல்ல ஓபியா? தொழில் பண்றவங்களுக்குத் தேவை 150வது டோக்கன்லயும் அதே கவனிப்பு. 20 செகண்ட் பாய்ச்சல் யாருக்கும் வேண்டாம். வீடியோவை எக்ஸ்போர்ட் பண்ண 40 நிமிஷம் ஆகும்னா, கணக்குல வர்றது கடைசி 35 நிமிஷத்தோட வேகம்தான்.

7/
இதைக் கடையில நின்னுட்டு கண்டுபிடிக்க முடியாது. விமர்சனங்கள்ல தேடுங்க. சினிபெஞ்ச்னு ஒரு சோதனை இருக்கு. அதைத் திரும்பத் திரும்ப ஓட்டி, முதல் சுத்துக்கும் பத்தாவது சுத்துக்கும் என்ன வித்தியாசம்னு போட்டிருப்பாங்க. சார்ஜர் இல்லாம ஓட்டின எண்ணையும் பாருங்க. நிறைய விண்டோஸ் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினதும் தூங்கி வழியும். ரெண்டு எண்ணும் கொடுக்காத விமர்சனம், பிபி பார்க்காம எழுதின டிஸ்சார்ஜ் சம்மரி மாதிரி.

8/
சூடுன்னதும் ஒரு கேஸ் ஞாபகம் வருது. அவர் அனுமதியோடதான் சொல்றேன். ஒரு வீடியோ எடிட்டர். இடது தொடையில வலை பின்னின மாதிரி பழுப்பு நிறத் திட்டு. அரிப்பு இல்லை, வலி இல்லை. தேமல்னு நினைச்சு ரெண்டு மாசமா களிம்பு தடவிட்டு இருந்தார். "வேலை எங்கே உட்கார்ந்து பார்ப்பீங்க?"ன்னு கேட்டேன். "கட்டில்ல, மடியில வெச்சுத்தான் சார்." விடை கிடைச்சிருச்சு.

9/
இதுக்கு எரித்திமா அப் இக்னேன்னு பேரு. அந்தக் காலத்துல குளிர் நாடுகள்ல கணப்பு அடுப்புகிட்டயே உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு வர்ற தோல் மாற்றம். லேப்டாப் சூட்டால வர்றது 2004ல இருந்து மருத்துவ இதழ்கள்ல பதிவாகியிருக்கு. தோலைச் சுடுற அளவு சூடு தேவையில்லை. மிதமான சூடு, அதே இடத்துல, தினமும் மணிக்கணக்கா பட்டாலே போதும். ஆரம்பத்துலயே நிறுத்தினா பெரும்பாலும் மெல்ல மறையும். வருஷக்கணக்கா விட்டா மிக அரிதா புற்றுநோயா மாறுற வாய்ப்பும் உண்டு. மறையலைன்னா தோல் மருத்துவரைப் பாருங்க.

10/
ஆண்களுக்கு இன்னொரு தகவல். 2005ல 29 இளைஞர்களை வெச்சு ஒரு ஆய்வு வந்துச்சு. ஒரு மணி நேரம் மடியில லேப்டாப் வெச்சு வேலை பார்த்தப்போ விதைப்பை வெப்பம் 2.6ல இருந்து 2.8 டிகிரி செல்சியஸ் வரை கூடியிருந்துச்சு. குழந்தை பிறக்காதுன்னு அந்த ஆய்வு சொல்லலை, அளந்தது வெப்பத்தை மட்டும்தான். பயப்பட வேண்டாம், ஆனா குழந்தைக்கு முயற்சி பண்றவங்க மேசையில வெச்சுக்கிட்டா என்ன நஷ்டம்? பேர்ல 'லேப்' இருக்குங்கிறதுக்காக மடியிலதான் வைக்கணும்னு இல்லை.

11/
அடுத்து ஸ்கிரீன். பெட்டியில "ஃபுல் ஹெச்டி"ன்னு மட்டும் பார்த்துட்டு வாங்கிடுறோம். பார்க்க வேண்டியது மூணு விஷயம்.
வெளிச்சம்: மலிவான ஸ்கிரீன் 250-300 நிட்ஸ்ல நிக்கும். சைட்டுக்குப் போறவங்களுக்கு 400க்கு மேல வேணும். நேரடி உச்சி வெயில்ல 500ம் பத்தாது, நிழல் தேடித்தான் ஆகணும்.
பளபளப்பு: மேட் ஃபினிஷ் எடுங்க. பளபள ஸ்கிரீன்ல டிராயிங்கை விட நம்ம முகம்தான் நல்லா தெரியும்.
நிறம்: "45% என்டிஎஸ்சி"ன்னு போட்டிருந்தா வேண்டாம். "100% எஸ்ஆர்ஜிபி" தேடுங்க.

12/
நிறம் எடிட்டருக்கு மட்டும்தானேன்னு நினைக்காதீங்க. தோல் தடிப்பு, புண் போட்டோவை அந்த மட்டமான ஸ்கிரீன்ல பார்த்தா சிவப்பு வெளிறித் தெரியும். அதே போட்டோவை போன்ல பார்த்தா வேற கதை. அதே நேரம் எவ்வளவு நல்ல லேப்டாப்பா இருந்தாலும் அதுல சிடி ஸ்கேனைப் பார்த்து நானே ரிப்போர்ட் முடிவு பண்ண மாட்டேன். ரேடியாலஜிஸ்ட் பார்க்கிற மானிட்டர் கருப்பு வெள்ளை அளவுகளை டைகாம் தரப்படி அளந்து சரிசெய்தது. லேப்டாப் எங்களுக்கு எட்டிப் பார்க்கிற ஜன்னல்.

13/
சிடி ஸ்கேனுக்குப் பெரிய மெஷின் வேணுமா? கணக்கு போடுவோம். ஒரு படம் 512 × 512 புள்ளி, புள்ளிக்கு 2 பைட். அரை எம்பிதான். 600 படம் இருந்தாலும் 300 எம்பி. சாதாரண லேப்டாப்பே அழகா ஓட்டும். உண்மையான பிரச்சனை என்ன தெரியுமா? நோயாளி கையில கொண்டு வர்றது சிடி. லேப்டாப்ல சிடி போடற டிரைவே கிடையாது! எங்க டியூட்டி ரூம்ல மதிப்பு மிகுந்த பொருள் ஒரு யுஎஸ்பி டிவிடி டிரைவ். அதுக்குத்தான் சண்டையே.

14/
அதனால ஓட்டைகளை எண்ணுங்க. ஹெச்டிஎம்ஐ ஒண்ணு, பழைய யுஎஸ்பி குறைஞ்சது ஒண்ணு, சி டைப் ரெண்டு. சில இன்ஜினியரிங் மென்பொருளுக்கு லைசென்ஸ் சாவியே ஒரு யுஎஸ்பி டாங்கிள்தான். கருத்தரங்க மேடையில நின்னுட்டு "யார்கிட்டயாவது கனெக்டர் இருக்கா சார்"னு கேட்கிற பரிதாபம் யாருக்கும் வேண்டாம்.

15/
சி டைப் சார்ஜிங் கட்டாயம் கேளுங்க. டியூட்டி ரூம்ல ஒரே ஒரு பிளக் பாயின்ட் இருக்கும், அதுலயும் ஏற்கனவே ஒருத்தர் போன் தொங்கும். 65 வாட் சார்ஜர் ஒண்ணே லேப்டாப்புக்கும் போனுக்கும் ஆகும். பெரிய 16 இன்ச் வொர்க்ஸ்டேஷன் சிலதுக்கு 230 வாட் செங்கல் சார்ஜர் வரும். அதையும் சேர்த்தா பையே 3 கிலோ தாண்டும். கடையில எடை கேட்கும்போது சார்ஜரோட சேர்த்துக் கேளுங்க. தோள்பட்டை ரெண்டையும் சேர்த்துத்தான் சுமக்குது.

16/
இனி ரேம். இதுதான் நிறைய பேர் கவனிக்காதது. மெல்லிசான மாடல்கள் பலதுல ரேமை போர்டுலயே ஒட்டி வெச்சிருப்பாங்க. பிறவியிலேயே வர்றது மாதிரி, அப்புறம் கூட்டவே முடியாது. "இப்போ 16 ஜிபி, அடுத்த வருஷம் ஏத்திக்கலாம்"னு கணக்கு போட முன்னாடி, தனி ஸ்லாட் இருக்கான்னு எழுத்துல கேட்டு வாங்குங்க. ஸ்லாட் இல்லைன்னா முதல்லயே 32. எஸ்எஸ்டி பெரும்பாலும் மாத்தக்கூடியதுதான், அதுல மிச்சம் பிடிக்கலாம்.

17/
தம்பிக்கு எப்படி முடிவு பண்ணோம்? அவன் வேலையைப் பிரிச்சுப் பார்த்தோம். ஆட்டோகேட்ல 2டி வரைபடம்: பெரும்பாலும் ஒரு கோரோட வேகத்தை நம்பித்தான் ஓடும். கட்டட அனாலிசிஸ்: பிராசஸரும் ரேமும். கிராஃபிக்ஸ் கார்டுக்கு ரெண்டுலயும் பெரிய வேலை இல்லை. லூமியன் மாதிரி 3டி காட்சி மட்டும் கார்டைக் கடிச்சுத் தின்னும். அது மாசத்துக்கு ஒரு தடவைதான் வருதுன்னான். அதுக்காக தினமும் செங்கல் சுமக்கணுமா? 14 இன்ச், 32 ஜிபி, 400 நிட்ஸ் மேட் ஸ்கிரீன், சின்ன தொழில்முறை கார்டு. 3டி வந்தா வெளியில கொடுத்து வாங்கிக்கிறதா முடிவு. மிச்சமான பணத்துல மூணு வருஷம் நேர்ல வந்து சரிபண்ற வாரண்டி எடுத்தான்.

18/
அந்த வாரண்டியைச் செலவா நினைக்காதீங்க. சொந்தத் தொழில் பண்றவனுக்கு லேப்டாப் ஒரு வாரம் சர்வீஸ் சென்டர்ல படுத்தா அது ஒரு வாரச் சம்பளம். வாங்கும் முன்னாடி உங்க பின்கோடுக்கு நேர்ல ஆள் வருவாங்களான்னு கேளுங்க. சென்னைக்கு வர்ற ஆள் எல்லா ஊருக்கும் வர்றதில்லை.

19/
"ஆப்பிள் வாங்கலாமா டாக்டர்?" 14 இன்ச் மேக்புக் ப்ரோ வீடியோ எடிட்டர்களுக்கு நல்ல தேர்வு. பேட்டரியிலயும் வேகம் குறையாது, 2021 மாடல்ல இருந்து ஹெச்டிஎம்ஐயும் மெமரி கார்டு ஸ்லாட்டும் திரும்ப வந்துடுச்சு. ஆனா ரெவிட், சாலிட்வொர்க்ஸ் எல்லாம் விண்டோஸ்ல மட்டும்தான். மென்பொருளை முதல்ல எழுதுங்க, மெஷினை அப்புறம் தேடுங்க. நோய் தெரியாம மருந்து எழுதக் கூடாது.

20/
எவ்வளவு நல்ல சின்ன லேப்டாப்பா இருந்தாலும் ஒரு குறை கூடவே வரும். ஸ்கிரீனும் கீபோர்டும் ஒட்டி இருக்கிறதால கழுத்து குனிஞ்சே ஆகணும். நம்ம தலை எடை சுமார் 5 கிலோ. 60 டிகிரி குனிஞ்சா கழுத்துக்கு ஏறுற பாரம் 27 கிலோ வரைன்னு 2014ல வந்த ஒரு கணக்கீடு சொல்லுது. நெஞ்சுல ஒரு அரிசி மூட்டையைக் கட்டின மாதிரி. ஆபீஸ்ல ஒரு ஸ்டாண்டு, தனி கீபோர்டு, மவுஸ். ரெண்டாயிரம், மூவாயிரத்துக்குள்ள முடியும். ஓபில "எலும்பு தேய்மானமா டாக்டர்"னு கேட்டு வர்ற முப்பது வயசுக்காரங்களுக்கு நான் முதல்ல எழுதித் தர்றது இதைத்தான்.

21/
கடைசியா, உள்ள இருக்கிற தகவல். இன்ஜினியர்கிட்ட வாடிக்கையாளரோட பிளான், ஆடிட்டர்கிட்ட கணக்கு, எங்ககிட்ட நோயாளி விவரம். பஸ்ல பை தொலைஞ்சா லேப்டாப் காசு மட்டும் போகாது. விண்டோஸ் ப்ரோ வாங்கி பிட்லாக்கரைப் போடுங்க, அதோட மீட்புச் சாவியைத் தனியா பத்திரப்படுத்துங்க. வாரம் ஒரு பேக்கப். 2023ல தனிநபர் தரவுப் பாதுகாப்புக்குன்னே சட்டம் வந்துடுச்சு. டாக்டர் நண்பர்களே, அனுமதி வாங்காத நோயாளி போட்டோ நம்ம சொந்த லேப்டாப்ல இருக்கவே கூடாது.

22/
இவ்வளவும் எழுதின எனக்கு வொர்க்ஸ்டேஷன் தேவையான்னு கேட்டா, தேவையே இல்லை. காய்ச்சல் கேஸ் பட்டியல் எக்செல்ல போடணும், பிரசன்டேஷன் பண்ணணும், ராத்திரி டியூட்டில பாடம் பார்க்கணும். பக்கத்துல படுத்திருக்கிற சக டாக்டர் தூக்கத்தைக் கெடுக்காத ஃபேன், நல்ல கீபோர்டு, குறைஞ்ச எடை, அவ்வளவுதான். அதுக்கு பாதி விலை லேப்டாப் போதும். உங்கள்ல பல பேருக்கும் அப்படித்தான் இருக்கும். அந்த மீதிப் பணம் உங்க உழைப்பு.

23/
சுருக்கமா, கடைக்குக் கொண்டு போக:
என் மென்பொருள் எது?
பத்தாவது சுத்துல வேகம் எவ்வளவு? பேட்டரியில எவ்வளவு?
நிட்ஸ், மேட், நிறம்?
ரேமுக்குத் தனி ஸ்லாட் உண்டா?
சார்ஜரோட எடை?
என் ஊருக்கு சர்வீஸ் ஆள் வருவாரா?
ஆறு கேள்விக்கும் தெளிவா பதில் சொல்ற கடைக்காரர்கிட்ட வாங்குங்க. "அதெல்லாம் சூப்பரா இருக்கும் சார்"னு மட்டும் சொன்னா, அடுத்த கடைக்குப் போங்க. லேப்டாப் வாங்கப் போற யாராவது வீட்ல இருந்தா அவங்களுக்கும் அனுப்பி வைங்க.