சில்லியில் பீன்ஸ் போடலாமா?



டெக்சாஸில் 'சில்லி' என்றால் நம் ஊர்க் கடைகளில் சிவக்கப் பொரித்துத் தரும் சில்லி சிக்கனை எவரும் நினைப்பதில்லை. உலர்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்து, அந்த விழுதில் மாட்டிறைச்சித் துண்டுகளை மூன்று மணி நேரம் வேகவிட்டு எடுக்கும் கெட்டியான ஆணத்துக்குத்தான் இங்கு அந்தப் பெயர். 1977-இல் இதனை டெக்சாஸின் மாநில உணவாகவே அறிவித்துவிட்டார்கள். ஹூஸ்டனில் குடியேறியது முதல், குளிர் தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டிலும் மாதம் ஒருமுறையாவது சில்லிச் சட்டி அடுப்பேறிவிடுகிறது.

இந்த ஆணத்தைச் சுற்றி இங்குள்ளவர்கள் இடும் சண்டை சுவையானது. இறைச்சியும் மிளகாயும் சீரகமும் பூண்டும்தான் சில்லி. பீன்ஸ் சேர்த்தால் அது வேறு ஏதோ ஒரு கூட்டு என்பது டெக்சாஸ்காரர்களின் உறுதியான கொள்கை. 1967-இல் டெர்லிங்குவா என்னும் பாலைவன ஊரில் இதற்காக ஒரு சமையல் போட்டியே நடந்தது. டெக்சாஸ் பத்திரிகையாளர் விக் ஃபௌலர் ஒரு பக்கம், நகைச்சுவை எழுத்தாளர் எச். ஆலன் ஸ்மித் மறுபக்கம். ஸ்மித் பீன்ஸ் சேர்ப்பவர். நடுவர் மூவரில் ஒருவர் இவருக்கும் ஒருவர் அவருக்கும் வாக்களிக்க, மூன்றாமவர் தம் நாக்கே மரத்துவிட்டது என்று கூறி ஒதுங்கிக்கொண்டார். போட்டி சமநிலையில் முடிந்தது. வழக்கு இன்றளவும் முடியவில்லை. அங்கு ஆண்டுதோறும் நடக்கும் போட்டியில் பீன்ஸுக்கும் அரிசிக்கும் இன்றும் அனுமதி கிடையாது. தக்காளியிலும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் டெக்சாஸ்காரரான அதிபர் லிண்டன் ஜான்சன் வீட்டுச் செய்முறையில் தக்காளி இருந்தது. ஒஹையோ மாநிலத்துச் சின்சினாட்டியில் மாசிடோனியாவிலிருந்து வந்தவர்கள் பட்டையும் மசாலாவும் சேர்த்து, சேமியா போன்ற ஸ்பகெட்டியின் மேல் ஊற்றித் தருகிறார்கள். அதைப் பற்றி இங்கே பேசாதிருப்பது நலம்.

எங்களுக்கு முதலில் எழுந்த கேள்வி பீன்ஸைப் பற்றியதன்று. நாங்கள் வந்த முதல் குளிர்காலத்தில் பக்கத்து வீட்டு மூதாட்டி ஒரு பாத்திரம் நிறைய சில்லி கொண்டுவந்தார். அதில் என்னென்ன சேர்த்தார் என்று கேட்டோம். பன்றிக்கொழுப்பில் வெங்காயத்தை வதக்கி, சுவைக்காக ஒரு புட்டி பியரும் ஊற்றியதாக மகிழ்ச்சியோடு சொன்னார். இங்கு பலர் வீட்டு வழக்கம் அது. எங்களால் உண்ண இயலாது என்று பணிவாகச் சொன்னோம். கொதித்ததில் மது ஆவியாகிப் போயிருக்கும் என்றார் அவர். முழுவதும் போய்விடுவதில்லை. அமெரிக்க வேளாண்துறையின் அட்டவணைப்படி ஒரு மணி நேரம் கொதித்த பின்னும் நான்கில் ஒரு பங்கு தங்கும். இரண்டரை மணி நேரத்துக்குப் பின்னும் இருபதில் ஒரு பங்கு இருக்கும். ஆனால் அந்தக் கணக்கை அவரிடம் சொல்லவில்லை. ஏனெனில் அட்டவணை பூஜ்யம் என்று காட்டியிருந்தாலும் எங்கள் விடை மாறியிராது. பன்றிக்கொழுப்போ எவ்வளவு கொதித்தாலும் பன்றிக்கொழுப்புதான்.

அவர் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு திரும்பினார். சன்னலோரம் நின்ற சின்ன மகள், "பாட்டி இனிமேல் வரமாட்டார்களா?" என்று கேட்டாள். ஹலாலைப் பேணுவது அண்டை வீட்டாரோடு உறவை முறித்துக்கொள்வதாகப் பிள்ளைகள் மனத்தில் பதிந்துவிடக்கூடாதே என்ற கவலை அன்றிரவு எங்களைத் தூங்கவிடவில்லை.

ஆணம் காய்ச்சினால் தண்ணீரைக் கூட்டி, அண்டை வீட்டாரையும் கவனித்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்திய செய்தி முஸ்லிமில் பதிவாகியுள்ளது. தம் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்கள் விசாரித்ததைத் திர்மிதியில் காண்கிறோம். ஆகவே அடுத்த வாரமே ஹலால் கடையில் இறைச்சி வாங்கிச் சில்லி சமைத்தோம். நான்கு வீட்டுக்குக் காணவேண்டுமே என்று பீன்ஸையும் தாராளமாகச் சேர்த்தோம். இறைச்சி விற்கும் விலையில் தண்ணீரைக் கூட்டுவதற்கு இதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியவில்லை. மூதாட்டி மூடியைத் திறந்து பார்த்தார். "இது நல்ல ஆணம்தான், ஆனால் சில்லி அன்று" என்றார். மறுநாள் பாத்திரம் கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது. உள்ளே ஒரு தாளில், பியரும் கொழுப்பும் இல்லாமல் அவருடைய தாயார் சமைத்த முறை.

அன்று முதல் வீடு இரண்டுபட்டது. இந்த மண்ணிலேயே பிறந்த மூத்த மகன் மூதாட்டியின் கட்சி. ஊரிலிருந்து வந்திருந்த வாப்பா பீன்ஸ் கட்சி. தையற்காரர் ஒருவரின் விருந்தில் சுரைக்காயும் உப்புக்கண்டமும் சேர்ந்த ஆணம் பரிமாறப்பட்டதையும், நபியவர்கள் தட்டில் சுரைக்காயைத் தேடி உண்டதையும், அதுமுதல் அனஸ் (ரலி) அவர்களுக்குச் சுரைக்காய் விருப்பமாகிவிட்டதையும் வாப்பா எடுத்துச் சொல்வார். இறைச்சியோடு காய் சேர்வதற்கு வேறென்ன சான்று வேண்டும் என்பது அவர் வாதம். சுரைக்காய் வேறு, பீன்ஸ் வேறு என்று பேரன் மறுப்பான். இந்தச் சண்டையை நாங்கள் தடுப்பதில்லை. ஆனால் ஒருநாள் மகன் சிரித்துக்கொண்டே, "சில்லியில் பீன்ஸ் ஹராம்" என்றான். அங்கே நிறுத்த வேண்டியிருந்தது.

நாவு போன போக்கில் இது ஹலால், இது ஹராம் என்று சொல்லாதீர்கள் என்று சூரத்துந் நஹ்லின் 116-ஆவது வசனம் எச்சரிக்கிறது. மகனுக்குக் காலித் பின் வலீத் (ரலி) அவர்களின் செய்தியைச் சொன்னோம். மைமூனா (ரலி) அவர்களின் வீட்டில் சுட்ட உடும்பு வைக்கப்பட்டபோது நபியவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். இது ஹராமா என்று காலித் கேட்டார்கள். இல்லை, தம் சமூகத்தார் பகுதியில் இது இல்லாததால் தமக்கு விருப்பமில்லை என்றார்கள் நபியவர்கள். காலித் அதைத் தம் பக்கம் இழுத்து உண்டார்கள், நபியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். (உடும்பின் சட்டத்தில் மத்ஹபுகளுக்கிடையே பேச்சு உண்டு, அது வேறு தலைப்பு.) பியரை மறுக்கும்போது எங்கள் குரலில் இருக்கும் உறுதி பீன்ஸை மறுக்கும் அவன் குரலில் வரக்கூடாது. முன்னதில் எங்களுக்கு உரிமையில்லை. பின்னதில் அவனுக்கு முழு உரிமை உண்டு, வாப்பாவுக்கும் உண்டு. மகன் சற்று யோசித்துவிட்டு, "எனக்குப் பிடிக்கவில்லை" என்று திருத்திக்கொண்டான். வாப்பா அவன் தட்டிலிருந்த பீன்ஸைத் தம் தட்டுக்கு மாற்றிக்கொண்டார்.

இனி, சமைக்க விரும்புவோருக்குச் சில செய்திகள். அமெரிக்கக் கடைகளில் 'சில்லி பவுடர்' என்று விற்பது நம் மிளகாய்த்தூள் அன்று. சீரகம், பூண்டு, ஓரிகானோ கலந்த பொடி அது. அதன் அளவுக்கு நம் வீட்டு மிளகாய்த்தூளைப் போட்டுவிட்டால் எவரும் உண்ண இயலாது. மெக்சிகோ கடைகளில் கிடைக்கும் ஆன்சோ, குவாஹியோ என்னும் உலர்மிளகாய்களே நல்லவை. காரம் குறைவு, நிறமும் மணமும் மிகுதி. ஒன்றேகால் கிலோ இறைச்சிக்கு முன்னதில் ஆறும் பின்னதில் நான்கும் போதும். காம்பும் விதையும் நீக்கி, வெறும் சட்டியில் கருகாமல் வாட்டி, வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து அரைக்க வேண்டும். இறைச்சி தோள்பகுதியாக இருக்கட்டும். கொத்துக்கறியைவிடத் துண்டுகளே மேல். எண்ணெயில் இறைச்சியைச் சிவக்க வதக்கி எடுத்து, அதே சட்டியில் ஒரு பெரிய வெங்காயத்தையும் ஆறு பல் பூண்டையும் வதக்கி, வறுத்துப் பொடித்த சீரகம் ஒரு மேசைக்கரண்டி, ஓரிகானோ ஒரு தேக்கரண்டி, மிளகாய் விழுது, உப்பு, மூழ்குமளவு தண்ணீர் சேர்த்துச் சிறு தீயில் விட்டுவிடலாம். இறக்குமுன் இரண்டு கரண்டி சோளமாவைக் கரைத்து ஊற்றினால் கெட்டிப்படும். உம்மா கறிவேப்பிலை போடச் சொல்கிறார். அது மட்டும் வேண்டாம் என்பது எங்கள் துணிபு.

சிவப்பு பீன்ஸ் சேர்ப்போர் அதை இரவு முழுதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே மெல்லிய தீக்குக் குறைக்க வேண்டும். சரியாகக் கொதிக்காத சிவப்பு பீன்ஸ் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் தரும். பச்சை வெங்காயம் தூவி உண்பது இங்குள்ள வழக்கம். ஜுமுஆவுக்குப் போகுமுன் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் பீன்ஸ் தனிச் சட்டியில் வேகிறது. மூதாட்டியின் பங்கையும் மகனின் பங்கையும் முதலில் எடுத்துவிட்டு, மீதியில்தான் கொட்டுகிறோம். அப்படியும் அவர் ஒருமுறை கரண்டியை அடிவரை விட்டுக் கிளறிப் பார்த்த பின்னரே நன்றி சொல்கிறார்.