புனைபெயர்களுக்கு ஓர் அட்டவணை

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை நடத்திவந்த நண்பர் மறைந்தபின், அவர் சேர்த்து வைத்திருந்த சிற்றிதழ்கள் எங்களிடம் வந்தன. 2007இல் ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் ஞாயிறுதோறும் அவர் வீட்டில் கூடி, மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் மென்பொருளில் அவற்றைப் பதிவு செய்தோம்.

ஆசிரியர்களுக்கு ஓர் அட்டவணை, படைப்புகளுக்கு இன்னொன்று. படைப்பின் வரிசையில் ஆசிரியர் பெயர் இராது. அவருடைய எண் மட்டுமே இருக்கும். எட்கர் காட் 1970இல் முன்வைத்த உறவுமுறை மாதிரியின் வழிவந்த ஏற்பாடு இது. ஓர் எண்ணைச் சுட்டியால் இழுத்து மற்றதன்மேல் விட்டால் இரண்டு அட்டவணைகளுக்கும் இடையே ஒரு கோடு விழும். அப்போது தோன்றும் சிறு பெட்டியில், ஆசிரியரை நீக்கினால் அவருடைய படைப்புகளும் தாமே நீங்கலாமா என்றொரு தேர்வு இருந்தது. யோசியாமல் குறியிட்டோம்.

சில வாரங்களில் 'வேளூர் வே. கந்தசாமிப் பிள்ளை' என்ற பதிவு கண்ணில் பட்டது. புதுமைப்பித்தன் கவிதை எழுதக் கொண்ட பெயர் அது. ஒருவருக்கு இரண்டு பதிவுகள் எதற்கென்று அதை நீக்கினோம். மென்பொருள் எச்சரித்தது, படிக்காமலே இசைந்தோம். அப்பெயரில் ஏற்றியிருந்த கவிதைப் பதிவுகள் அனைத்தும் உடன் போயின. மீட்க வழியில்லை, நகலும் எடுத்திருக்கவில்லை.

பிழை எங்கள் வரைபடத்தில் இருந்தது. பெயரும் ஆளும் ஒன்றென எண்ணிவிட்டோம். புனைபெயர்களுக்கென மூன்றாவது அட்டவணை அமைத்தோம்: படைப்பு புனைபெயரைச் சுட்டும், புனைபெயர் ஆசிரியரைச் சுட்டும். கு.ப.ரா.வும் 'கரிச்சா'னும் அப்படித்தான் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தனர். தாமே நீங்கும் குறியையும் எடுத்துவிட்டோம். யாரென்று அறியாத பெயர்களுக்கு ஆசிரியர் எண்ணை வெற்றாக விட்டோம். மென்பொருள் வெற்றிடத்தை ஏற்கும். இல்லாத எண்ணைத்தான் ஏற்காது. அந்த நேர்மை எங்களுக்குப் பிடித்திருந்தது.

பட்டியலை அச்செடுத்து நண்பரின் மனைவியிடம் கொடுத்தோம். வெற்றாக விட்டிருந்த பெயர்களில் ஒன்றன்மேல் அவர் விரல் நின்றது.

"இது அவர்தாங்க."

மூன்று கவிதைகள். எங்களிடம் ஒரு நாளும் அவர் சொன்னதில்லை. ஆசிரியர் அட்டவணையில் அன்று அவருக்கும் ஓர் எண் விழுந்தது.