அனுப்பியதும் சேர்ந்ததும்

ஜெனரல் கிளாசஸ் சட்டம் என்று வழங்கும் 1897ஆம் ஆண்டுச் சட்டத்தில் 27ஆம் பிரிவு மிகச் சிறியது. சரியான முகவரியிட்டு, கட்டணம் செலுத்தி, பதிவுத் தபாலில் அனுப்பப்பட்ட மடல், வழக்கமாகச் சேரவேண்டிய நாளில் சேர்ந்துவிட்டதாகவே கொள்ளப்படும். இல்லை என்பவர்தான் அதை மெய்ப்பிக்க வேண்டும். ஆட்சி நடப்பதற்கு இப்படியோர் அனுமானம் தேவைதான். இல்லையேல் கதவைச் சாத்திக்கொண்டவரெல்லாம் சட்டத்துக்கு வெளியே நின்றுவிடுவர். ஆனால் ‘சரியான முகவரி’ என்னும் இரு சொற்களின்மீது எவ்வளவு பாரம் ஏற்றப்பட்டிருக்கிறது என்பதை, துறைத்தோழி ஒருவருக்குத் துணையாக அலைந்த மூன்று மாதங்களில் கண்டேன்.

தோழி டெல்லியில் முனைவர் பட்ட ஆய்வை முடித்துவிட்டார். கோவையில் பணி கிடைத்தது. குழந்தை பிறந்தபோது வாங்கிய பழைய சிறு காரை ஊருக்குக் கொண்டுசெல்லத் தடையின்மைச் சான்று வேண்டும். அதற்கான படிவம் 28ஐ இணையத்தில் நிரப்ப அமர்ந்தபோதுதான் தெரிந்தது, வண்டியின்மீது நான்கு அபராதங்கள் நிலுவையில் இருப்பது. நான்கும் வேகவரம்பு மீறல். இரண்டரை மாத இடைவெளியில், ஒரே சாலையில், ஒரே கேமரா பிடித்தவை. தலைக்கு 2,000 ரூபாயாக மொத்தம் 8,000. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் அல்லாத ஆய்வாளரின் ஒரு மாத உதவித்தொகையும் அதே 8,000தான் என்பதை இப்பதிவைப் படிப்போருக்கு விளக்க வேண்டியதில்லை.

அறிவிப்புகள் முனிர்காவில் அவர் முன்பு குடியிருந்த நான்காம் மாடி அறைக்குச் சென்றிருந்தன. அதன்பின் அவர் இரண்டு வீடுகள் மாறியிருந்தார். கீழே மளிகைக்கடை வைத்திருப்பவர், பழைய ரசீதுக் கட்டுக்கு அடியிலிருந்து இரண்டு உறைகளை எடுத்துத் தந்தார். மற்ற இரண்டும் எங்கே போயினவோ. குறுஞ்செய்தி வந்திருக்குமே என்று கேட்கலாம். வந்தது, காரை விற்றுக்கொடுத்த தரகருக்கு. பெயர்மாற்றத்தின்போது அவர் தம் எண்ணையே பதிந்திருந்தார். பழைய வண்டி வாங்கியோர் பலருக்கும் இது நேர்ந்திருக்கிறது என்று பிறகு விசாரித்தபோது அறிந்தேன்.

முகவரி மாறினால் 30 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 49ஆம் பிரிவு. அதற்குப் படிவம் 33 இருக்கிறது. படிவத்தோடு முகவரிச் சான்று வேண்டும். தோழி முயலாமல் இல்லை. வீட்டு உரிமையாளர் ஒப்பந்தத்தைப் பதிவுசெய்ய ஒப்பவில்லை. இந்நகரத்தின் வாடகை ஒப்பந்தங்கள் ஏன் 11 மாதங்களோடு நின்றுவிடுகின்றன? ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயமாகப் பதிவுசெய்ய வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அந்தச் செலவையும் பிணைப்பையும் தவிர்க்கவே 11 மாதம். ஆக, ஒரு சட்டத்துக்கு அகப்படாமலிருக்க உரிமையாளர் கண்ட வழி, இன்னொரு சட்டத்தின் முன்னால் குடியிருப்பவரை முகவரியற்றவராக்கிவிடுகிறது. நிலையான வீடுள்ள ஒருவரை மனத்தில் கொண்டே 49ஆம் பிரிவு எழுதப்பட்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

வேகமாகச் சென்றதை அவர் மறுக்கவில்லை. படத்தில் எண்பலகை தெளிவாகவே தெரிந்தது. என்னை உறுத்தியது வேறு. அபராத அறிவிப்பு வெறும் கட்டணச்சீட்டன்று. அது ஓர் எச்சரிக்கையும் ஆகும். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021இல் சேர்க்கப்பட்ட விதி 167ஏ, கேமராவில் பதிவான குற்றத்துக்கு 15 நாட்களுக்குள் அறிவிப்பை அனுப்ப வேண்டும் என்று சொன்னதன் காரணம் அதுவாகவே இருக்க முடியும். முதல் மடல் கைக்கு வந்திருந்தால் மற்ற மூன்று மீறல்களும் அநேகமாக நிகழ்ந்திரா. சாலையில் நடந்துசெல்வோருக்கும் அதுவே நன்மை. கேமராவுக்கு வேலை நடந்தது, வேகம் குறையவில்லை.

இந்த இடைவெளியை நீதிமன்றங்கள் அறியாமலும் இல்லை. காசோலை வழக்குகளில் இதே 27ஆம் பிரிவை ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், 2007இல் அலவி ஹாஜி வழக்கில் சேர்ந்ததாகக் கொள்ளும் அனுமானத்தை ஏற்றது. கூடவே ஒரு வாசலையும் திறந்து வைத்தது: அறிவிப்பு கிடைக்கவில்லை என்பவர், நீதிமன்ற அழைப்பாணை பெற்ற 15 நாட்களுக்குள் பணத்தைச் செலுத்திவிடலாம்.

போக்குவரத்து அபராதங்களுக்கான மெய்நிகர் நீதிமன்றத்தின் திரையில் அத்தகைய வாசல் இல்லை. உத்தேச அபராதத்தைச் செலுத்த விரும்புகிறேன், அல்லது வழக்காட விரும்புகிறேன் என்று இரண்டே தெரிவுகள். ‘குற்றம் நிகழ்ந்தது, அறிவிப்பு சேரவில்லை’ என்பவர் எதை அழுத்துவது? வழக்காடினால் கோப்பு வழக்கமான நீதிமன்றத்துக்குப் போகும். பணியேற்கும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

இறுதியில் மக்கள் நீதிமன்றத்துக்குச் சென்றோம். விடியற்காலையிலேயே நீண்ட வரிசை. குழந்தை என் தோளில் உறங்கிவிட்டது. தோழி ஒரு தாளில் நான்கு தேதிகளையும் மூன்று வீடுகளின் முகவரிகளையும் எழுதி வைத்திருந்தார். முதலாவதை முழுமையாகக் கட்டுவதாகவும், மற்ற மூன்றில் சலுகை வேண்டுவதாகவும் சொன்னார். நீதிபதி தாளைப் பார்த்தார். முகவரி பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மொத்தம் 3,500 என்று எழுதிக் கையொப்பமிட்டார். இரண்டு நிமிடம்கூட ஆகியிராது. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி அத்தீர்வுக்கு மேல்முறையீடு இல்லை. காரணம் எழுதப்படாத அந்தத் தொகையே முடிவானது.

வாடகை வீடுகளில் வாழும் ஆய்வாளர்கள் இன்றே செய்யத்தக்கது ஒன்று உண்டு. பரிவாகனின் மின்-சலான் தளத்தில் வண்டி எண்ணுடன் சேசிஸ் அல்லது இன்ஜின் எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்களை இட்டால் நிலுவை தெரிந்துவிடும். வாகனப் பதிவிலுள்ள கைப்பேசி எண் உங்களுடையதா, உங்களுக்கு வண்டி விற்றவருடையதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.