பல்லை எண்ணிய பிறகுதான் ஜீப் மலையேறியது

நாம் ஜீப் என்று சொல்லும் வண்டிக்கு அமெரிக்க ராணுவம் தன் பதிவேட்டில் வைத்த பெயர் 'கால் டன் டிரக்'. நான்கு சக்கரமும் இழுக்கும் இந்தச் சின்ன டிரக்கை இரண்டாம் உலகப் போரின்போது வில்லிஸ், ஃபோர்டு என்ற இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் செய்து கொடுத்தன. எஞ்சினுக்கு 60 குதிரைசக்தி. சேற்றிலும் கல்லிலும் ஏறி இறங்குவதற்கென்றே செய்த வண்டி. போர் முடிந்தபின் ராணுவம் கழித்த வண்டிகள் பல நாடுகளில் விவசாயிகள் கைக்கு வந்தன. நம் மலைத் தோட்டங்களுக்கும் அப்படிச் சில வந்து சேர்ந்தன.

திண்டுக்கல் மாவட்டம் கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கம் ஒரு குடும்பத்திடம் அப்படி ஒரு வண்டி இருக்கிறது. ஐந்து ஏக்கர் தோட்டம். காபி, நிழல் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகு, இடையிடையே மலைவாழை. தோட்டத்திலிருந்து தார்ச்சாலைக்கு வர மூன்று கிலோமீட்டர் மண்பாதை. மழைக்காலத்தில் அந்தப் பாதையில் வேறு வண்டி ஏறாது. தலைச்சுமைக்கு ஆள் பிடித்தால் வாழைத்தாருக்குக் கிடைக்கும் விலையில் பாதி கூலிக்கே போய்விடும். அந்தக் குடும்பத்தின் வரவு செலவு முழுவதும் அந்த ஜீப்பின் நான்கு சக்கரத்தில்தான் ஓடுகிறது.

பெரியவருடைய அப்பா அதை ஏலத்தில் எடுத்தார். எஞ்சின் எப்போதோ டீசலுக்கு மாறிவிட்டது. பாடித் தகட்டில் பாதிக்கு மேல் உள்ளூர்ப் பட்டறையில் அடித்தது. ஆனால் முன் அச்சும் பின் அச்சும் மட்டும் ராணுவ வண்டியோடு வந்தவை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில் பின் அச்சு போனது. கிரவுன் வீலில் நான்கு பற்கள் உடைந்து, அந்தத் துண்டுகள் பினியனையும் அரைத்துவிட்டன.

மாற்றியது சரிதான், ஆனால்...

சமவெளியில் ஒரு பட்டறையில் சேதத்தைப் பார்த்துவிட்டு, "ஒவ்வொரு சாமானாத் தேடினா ஒரு மாசம் ஆகும். ஹவுசிங்கோட முழுசா மாத்திடலாம்" என்றார்கள். வாடகைக்கு ஓடிக் கழிந்த ஒரு ஜீப்பின் பின் அச்சு, பிரேக் டிரம்மோடு முழுதாகக் கிடைத்தது. பட்டை ஸ்பிரிங்கில் உட்கார்ந்தது. ஷாஃப்ட் மாட்டியது. வண்டி ஓடியது. முன்பைவிட வேகம் கொஞ்சம் குறைவதாக மகனுக்குத் தோன்றியது. பழைய வண்டி, டீசல் எஞ்சின், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்.

கோடை முழுவதும் பின் சக்கர இழுப்பிலேயே ஓட்டினார்கள். குறை எதுவும் தெரியவில்லை. ஐப்பசி மழை தொடங்கிய பிறகுதான் முன் சக்கரத்தையும் சேர்த்து 'ஃபோர் வீல்' போட வேண்டி வந்தது. சேற்றில் ஏறியது. தார்ச்சாலைக்கு வந்ததும் வண்டி யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் திணறியது. திருப்பத்தில் ஸ்டீயரிங் முறுக்கியது. லீவரை எடுத்துப் பார்த்தால் வரவில்லை. வாழைத்தார் ஏற்றிய வண்டி, சந்தைக்கு நேரமாகிறது. அப்படியே ஓட்டினார். எட்டாவது கிலோமீட்டரில் பெரிய சத்தம். டிரான்ஸ்ஃபர் கேஸ் உள்ளே பல்சக்கரம் உடைந்து, ஓடும் வீறில் கூடும் விரிந்துவிட்டது.

டிரான்ஸ்ஃபர் கேஸ் என்பது கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் பெட்டி. எஞ்சின் சக்தியை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துக் கொடுப்பது அதுதான். வீட்டம்மாவின் மூன்று பவுன் சங்கிலியை அடகு வைத்து வேறொன்று வாங்கிப் போட்டார்கள். இரண்டாம் வாரமே அதே திணறல், அதே முறுக்கல்.

ஒரு முழம் நகர்ந்த வண்டி

இந்த முறை மகன் பட்டறைக்குப் போகவில்லை. பின் ஷாஃப்டைக் கழற்றிப் பார்த்தால் குறை எங்கே என்று தெரியும் என நினைத்தார். வீட்டு வாசல் லேசான சரிவு. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரிலும் போட்டுவிட்டு அடியில் படுத்தார். கடைசி போல்ட்டைக் கழற்றி ஷாஃப்டை விலக்கிய நொடியில் வண்டி நகரத் தொடங்கியது. கீழே இருந்த எருக்குழியின் கல் வரப்பில் முன் சக்கரம் முட்டி நின்றது. ஒரு முழ தூரம்தான். பின் சக்கரம் அவர் தோளைத் தொட்டுக்கொண்டிருந்தது.

பிரேக்கில் குறை இல்லை. இந்த வகை ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இருப்பதில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம், ஷாஃப்ட் புறப்படும் இடத்தில் ஒரு டிரம் இருக்கும். பிரேக் அதைத்தான் பிடிக்கிறது. அந்தப் பிடி ஷாஃப்ட் வழியாகத்தான் பின் அச்சுக்கும் சக்கரத்துக்கும் போகிறது. ஷாஃப்டைக் கழற்றிவிட்டால் பிரேக் டிரம்மைப் பிடித்துக்கொண்டே இருக்கும், சக்கரம் தன்போக்கில் உருளும். கியரில் போட்டிருந்ததும் இதே காரணத்தால் பயன்படவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஷாஃப்ட் மாட்டியே இருந்தாலும், பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கினால் இந்த ஹேண்ட் பிரேக் வண்டியை நிறுத்தாது. தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையில் உள்ள சக்கரம் மறுபக்கம் உருளும். அச்சுக்குள் இருக்கும் டிஃபரன்ஷியல் அதற்கு இடம் கொடுக்கும். பஞ்சர் பார்க்கும்போதுகூட இந்த ஆபத்து இருக்கிறது.

அன்று இரவு வீட்டில் அடுப்பு எரியவில்லை. "எடைக்குப் போட்டாலும் போடுவேன். நீ இனி இதுக்கு அடியில போய்ப் படுக்கக் கூடாது" என்று வீட்டம்மா சொல்லிவிட்டார். பெரியவர் பேசவில்லை. வண்டியை விற்றால் காபிப் பழம் இறக்க வழியில்லை. பறிப்புக்கு ஒரு மாதம்தான் இருந்தது.

சுண்ணாம்புக் கோடு

பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், ராணுவத்தின் இ.எம்.இ. பிரிவில் வண்டி பராமரிப்பு பார்த்து ஓய்வுபெற்றவரை அழைத்து வந்தார். அவர் வந்ததும் ஸ்பேனரைக் கேட்கவில்லை. "அண்ணே, ரெண்டு அடி நீளத்துக்குக் கனமான கட்டை ஆறு வேணும்" என்றார். முதலில் கழற்றிய ஷாஃப்டை மாட்டச் சொன்னார். வண்டியைச் சமதரைக்குத் தள்ளி, தரையில் இருக்கப்போகும் மூன்று சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்தார். பிறகு கேட்டார்.

"பின் அச்சு எந்த வண்டியில இருந்து வந்துச்சு?"

"வாடகை ஜீப்புல எடுத்ததுன்னு சொன்னாங்க."

"முன் அச்சு?"

"அது எங்க அப்பா காலத்துது. வண்டியோட வந்தது."

"அப்ப எண்ணிப் பாத்துருவோம்."

ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, அச்சுக்கு அடியில் முட்டும் கொடுத்தார். கியரை நியூட்ரலில் வைத்து, ஃபோர் வீல் லீவரை எடுத்து, ஹேண்ட் பிரேக்கையும் விடுவித்தார். டயரிலும் ஷாஃப்டிலும் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். தூக்கிய சக்கரத்தை மகன் கையால் சரியாக இரண்டு சுற்று சுற்ற, இவர் ஷாஃப்டின் சுற்றுகளை எண்ணினார். ஐந்தேகாலைத் தாண்டி இன்னும் அரைக்கால் சுற்று. பிறகு கட்டைகளை மாற்றிக் கொடுத்துவிட்டு முன் சக்கரத்தை அதேபோலத் தூக்கி எண்ணினார். ஐந்து சுற்றுக்கு அரைக்கால் குறைந்தது.

குறை அங்கேதான் இருந்தது. போர்க்கால ராணுவ ஜீப்பில் கிரவுன் வீலுக்கு 39 பல், பினியனுக்கு 8 பல். ஷாஃப்ட் 4.88 முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுற்றும். அதற்குப் பின் வந்த பொதுமக்கள் ஜீப்புகளில் பெரும்பாலும் 43 பல்லுக்கு 8 பல். அதில் ஷாஃப்ட் 5.38 முறை சுற்ற வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு அச்சும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

ஃபோர் வீல் போட்டதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டு ஷாஃப்டையும் ஒன்றாகப் பூட்டிவிடுகிறது. இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும். இந்த வண்டியில் பின் சக்கரம் 100 மீட்டர் போகும்போது முன் சக்கரம் 110 மீட்டர் போகப் பார்க்கும். சேற்றில் சக்கரம் வழுக்கிக்கொள்வதால் அந்த 10 மீட்டர் தெரியாமல் கழிந்துவிடும். தாரில் வழுக்க வழியில்லை. முறுக்கம் ஷாஃப்டிலும் பல்சக்கரத்திலும் ஏறிக்கொண்டே போகும். லீவர் வராமல் இறுகுவதும் அதனால்தான். கடைசியில் எது பலவீனமோ அது உடையும். முதல் டிரான்ஸ்ஃபர் கேஸ் நன்றாகவே இருந்தது. அதை உடைத்தது பொருந்தாத அச்சு.

லீவர் இறுகிக்கொண்டால் என்ன செய்வது என்பதையும் அவர் காட்டினார். பலம் கொண்டு இழுக்கக் கூடாது. நேராகச் சில அடி ரிவர்ஸில் எடுத்தால் முறுக்கம் தளர்ந்து லீவர் தானே வரும். மண்ணில் இறக்கிச் செய்தால் இன்னும் சுலபம்.

இரண்டும் ஒன்றாக

இரண்டு வழி இருந்தது. பின்பக்கம் மறுபடி 39 பல் தேடிப் போடுவது, அல்லது முன்பக்கத்தையும் 43 பல்லுக்கு மாற்றுவது. 43 பல் சாமான் எளிதாகக் கிடைக்கும். மலையேற்றத்துக்கு இழுவையும் பத்தில் ஒரு பங்கு கூடும். தார்ச்சாலையில் வேகம் குறையும், அது அவர்களுக்குப் பொருட்டில்லை. முன் அச்சையும் மாற்றினார்கள்.

இம்முறை கடையிலேயே ஹவுசிங் மூடியைத் திறந்து பல்லை எண்ணிவிட்டுத்தான் பணம் கொடுத்தார் மகன். கிரவுனும் பினியனும் பட்டறையில் ஒன்றோடொன்று உரசவிட்டு ஜோடி சேர்த்தவை. ஒரு ஜோடியின் கிரவுனை இன்னொரு ஜோடியின் பினியனோடு சேர்த்தால் ஊளையிடும், சீக்கிரம் தேயும். இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கிறதா என்று அந்தப் பெரிய மெக்கானிக் பார்க்கச் சொல்லியிருந்தார். எண் ஒத்திருந்தது. நான்கு டயரும் ஒரே அளவில், ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்கும்படி மாற்றிக்கொண்டார்கள்.

மார்கழியில் காபிப் பழம் அந்த ஜீப்பில்தான் இறங்கியது. மாசியில் மிளகு விற்ற பணத்தில் சங்கிலி திரும்பி வந்தது. வாசலில் வண்டி நின்றால் டயருக்குக் கட்டை இருக்கிறதா என்று வீட்டம்மா இன்றும் போய்ப் பார்க்கிறார்.

டிராக்டர் வைத்திருப்போருக்கும்

நான்கு சக்கர இழுவை டிராக்டர்களிலும் முன் அச்சையும் பின் அச்சையும் இதேபோலப் பூட்டித்தான் ஓட்டுகிறோம். முன் டயர் சிறியது, பின் டயர் பெரியது என்பதால் கம்பெனியிலேயே பல் கணக்கை டயர் அளவோடு பொருத்தி வைக்கிறார்கள். முன் சக்கரம் 1 முதல் 5 சதவீதம் வரை முந்தி இழுக்கும்படி அமைப்பது வழக்கம். பின் டயரை மட்டும் வேறு அளவில் மாற்றினால் இந்தக் கணக்கு கெடும். முன் டயர் சீக்கிரம் தேயும், முன் அச்சின் பல்சக்கரம் அடிவாங்கும். ஆகவே டயர் மாற்றும்போது புத்தகத்தில் உள்ள ஜோடி அளவையே கேட்டு வாங்க வேண்டும். தார்ச்சாலையில் டிரெய்லர் இழுக்கும்போது முன் இழுவையை எடுத்துவிட வேண்டும்.

பழைய ஜீப்போ டிராக்டரோ, அடியில் படுப்பதற்கு முன் சமதரை, கட்டை, முட்டு மூன்றும் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. ஹேண்ட் பிரேக் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று மெக்கானிக்கிடம் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

பழைய சாமான் மாற்றினால் எந்த வண்டியில் இருந்து எடுத்தது, எத்தனை பல், என்றைக்கு மாட்டியது என்ற மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். அந்த வீட்டு ஜீப்பில் இப்போது சேசிஸின் உள்பக்கம் வெள்ளைப் பெயின்ட்டில் '43–8 முன், 43–8 பின்' என்று எழுதியிருக்கிறது. அடுத்து யார் அதைக் கழற்றினாலும் அவர் எண்ணித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.