எண் மட்டுமே இருந்த பெட்டிகள்

லண்டன்

அன்புள்ள நண்பருக்கு,

ஏறிய இடத்திலேயே இறக்கிவிடும் ரயிலுக்கு எதற்கு இத்தனை பணம் என்று கேட்டிருந்தீர்கள். விக்டோரியா நிலையத்திலிருந்து கிளம்பும் பிரிட்டிஷ் புல்மன் அப்படிப்பட்ட ரயில்தான். கென்ட் வயல்களைச் சுற்றிக் காட்டி, வெள்ளை விரிப்பு மேசையில் மதியச் சாப்பாடு போட்டு, அதே விக்டோரியாவில் கொண்டுவந்து விட்டுவிடும். கட்டணம் நூற்றுக்கணக்கான பவுண்டு. அந்தப் பணம் பயணத்துக்கு அல்ல, மரத்துக்கு என்பது என் கணக்கு. வேரா என்ற பெட்டியின் சுவரைக் கிட்டத்தில் பார்த்தால் புரியும். தாள் கனத்துக்குச் சீவிய பல நிற மரத்துண்டுகளை இடைவெளி தெரியாமல் பதித்து, துள்ளும் இரலை மான்களை வரைந்திருக்கிறார்கள். இது தூரிகை வேலை அல்ல, மர வேலை. இந்த வேரா 1940-இல் இதே விக்டோரியாவில் விழுந்த குண்டில் அடிபட்டது. ஓய்வு பெற்றபின் ஒரு தோட்டத்தில் போய் நின்றது. 1977-இல் மான்டி கார்லோ ஏலத்தில் இரண்டு பழைய பெட்டிகளை வாங்கிய தொழிலதிபர் ஜேம்ஸ் ஷெர்வுட், இப்படி மூலைக்கொன்றாகக் கிடந்தவற்றைத் தேடிச் சேர்த்தார்; ரயில் 1982-இல் ஓடத் தொடங்கியது.

இதெல்லாம் பணக்காரர்களுக்கான நாடகம், பழமை வேஷம் என்பார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. அருங்காட்சியகத்தில் கயிறு கட்டி நிறுத்திய பெட்டிக்குத் தூசு தட்டினால் போதும். ஓடும் பெட்டிக்குத் தச்சரும் மெருகுக்காரரும் ஓயாமல் வேண்டும், அந்தக் கைவேலை பிழைப்பதும் அதனால்தான். என் குறை வேறு: காட்டுவது நிஜம், ஆனால் பாதி நிஜம். வேராவும் அதே ரயிலில் உள்ள ஆட்ரி என்ற பெட்டியும் லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ஒரு மணி நேரத்தில் போன பிரைட்டன் பெல் ரயிலின் பெட்டிகள். நாடகக்காரர்களும் அலுவலகக்காரர்களும் தினசரி ஏறிய ரயில் அது. காலை உணவிலிருந்து புகைபோட்ட கிப்பர் மீனை எடுத்தபோது நடிகர் லாரன்ஸ் ஒலிவியே சண்டைக்கு வந்தார் என்றால், எவ்வளவு பழகிப்போன சொகுசு என்று பாருங்கள்! ஒரு தொடரில் ஐந்து பெட்டி. அதில் முதல் வகுப்பு இரண்டுதான், மூன்றாம் வகுப்பு மூன்று. முதல் வகுப்புக்குப் பெண்களின் பெயர். மூன்றாம் வகுப்புக்கு 85 முதல் 93 வரை வெறும் எண். இன்றைய பிரிட்டிஷ் புல்மனிலோ ஏறுகிற பெட்டிக்கெல்லாம் பெயர் இருக்கிறது. அந்தக் காலத்தில் எல்லோரும் இப்படித்தான் போனார்கள் என்று நம்பிவிடுவது எளிது.

மூன்றாம் வகுப்பைப் புதுப்பித்தால் யார் காசு கொடுப்பார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, முதல் வகுப்பின் பகட்டு இல்லாவிட்டால் வேராவே மட்கிப் போயிருக்கும். ஆனால் லாபத்துக்கு ஓடும் நிறுவனம் விட்டதை வேறு யாராவது எடுத்துச் செய்ய முடியும். பிரைட்டன் பெல்லை முழுத் தொடராக, எண் பெட்டிகளையும் சேர்த்தே, மீட்க ஒரு அறக்கட்டளை பல வருஷமாக வேலை செய்துகொண்டிருக்கிறது. பெயர் பெட்டியையும் எண் பெட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்த ரயில் யாருடையது என்று தெரியும்.

நீங்கள் வந்தால் மதியச் சாப்பாட்டு ரயிலுக்கே டிக்கெட் எடுங்கள். நீராவி எஞ்சின் இழுக்கும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம், டீசலே போதும். வேராவும் ஆட்ரியும் நீராவிக்காக அல்ல, 1932-இல் மின்சார ரயிலுக்கென்றே கட்டப்பட்டவை.

அன்புடன்,
உங்கள் நண்பன்