ஆறாவது முட்டை

ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் பாயை விரித்து வீட்டு ஜெபம். நாளுக்கு ஓர் அதிகாரம், ஒன்றையும் தாண்டக் கூடாது என்பது ஆச்சியின் சட்டம். வேதாகமத்தில் மொத்தம் 1,189 அதிகாரங்கள். ஒரு சுற்று முடிய மூன்றேகால் வருஷம் ஆகும். அதில் லேவியராகமத்துக்கு 27 ராத்திரி. சர்வாங்க தகனபலி, போஜனபலி, சமாதானபலி என்று ஆச்சி எழுத்துக்கூட்டி வாசிக்க வாசிக்க எனக்குக் கண் சொருகும். 'குண்டிக்காய்' வந்தால் மட்டும் விழித்துக்கொண்டு, நானும் தம்பியும் வாயைப் பொத்திச் சிரிப்போம். சிறுநீரகத்துக்கு அதுதான் பழைய பெயர் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அந்த வருஷம் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்து வீட்டு அத்தையின் கருங்கோழி எங்கள் வைக்கோற்படப்பில் ரகசியமாக முட்டையிட்டு வந்தது. ஐந்து முட்டையை எடுத்துக் கடையில் கொடுத்துக் கடலை மிட்டாய் வாங்கித் தின்றிருந்தேன். அத்தையோ கீரிப்பிள்ளையைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

பதினாறாம் அதிகாரம் வந்த ராத்திரி நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏழாம் மாதம் பத்தாம் தேதி, பாவநிவாரண நாள். இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களை நிறுத்திச் சீட்டுப் போடுகிறார்கள். ஒன்று கர்த்தருக்குப் பலி. மற்றதன் தலையில் ஆரோன் இரண்டு கையையும் வைத்து ஜனங்களின் அக்கிரமங்களையெல்லாம் அறிக்கையிட்டு, ஓர் ஆள் வசம் வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுகிறான். தமிழில் அதற்குப் 'போக்காடு' என்று பெயர். எவ்வளவு வசதியான ஏற்பாடு! எங்கள் வீட்டு முருங்கையடியிலும் ஒரு கடா கட்டிக் கிடந்தது.

"ஆச்சி, நம்ம கடா தலையில கை வச்சுச் சொல்லி, தேரிக்காட்டுக்கு முடுக்கிவிட்டா செய்த பாவம் போயிருமா?"

"அது திரும்பி வந்துட்டுன்னா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. (பிற்காலத்தில் எருசலேமில் அந்த ஆட்டை மலைச்சரிவிலிருந்து தள்ளிவிட்டார்கள் என்று யூதரின் மிஷ்னா சொல்கிறது. ஆச்சியின் சந்தேகம் அவர்களுக்கும் இருந்திருக்குமோ என்னவோ.)

ஆச்சி கண்ணாடியைக் கழற்றினாள். "ஏலே, என்ன செஞ்ச?"

சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் பத்து அதிகாரம் பின்னால் புரட்டி, ஆறாம் அதிகாரத்தில் விரலை வைத்தாள். திருடினவன் எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். குற்றநிவாரண பலிக்கு ஆட்டுக்கடாவைக் கொண்டுவரும் பேச்சு அதற்கடுத்த வசனத்தில்தான்.

"சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன் ஆச்சி."

"கேளு. அவ முட்டைய யாரு கொடுப்பா? அஞ்சுக்கு அஞ்சில ஒண்ணு எவ்வளவுல?"

கணக்கில் நான் மோசம். ஆனாலும் அன்றைக்குச் சரியாக வந்தது.

பலி என்றால் வெட்டு, ரத்தம் என்றே இருந்தேன். எபிரேயத்தில் அதற்குக் 'கொர்பான்' என்று பெயர். நெருங்கி வருவது என்ற வேரிலிருந்து பிறந்த சொல். நம் ஊர் இஸ்லாமியர் சொல்லும் குர்பானிக்கும் இதற்கும் ஒரே குடும்பம். இதெல்லாம் கல்லூரிக் காலத்தில் தெரிந்துகொண்டது. ஐந்தாம் அதிகாரத்தில் ஆடு வாங்க வழியில்லாதவனுக்கு இரண்டு புறா போதும், அதற்கும் இல்லாதவனுக்கு எண்ணெயும் சாம்பிராணியும் சேராத கொஞ்சம் மாவு போதும் என்றிருப்பதையும் அப்போதுதான் நின்று வாசித்தேன். பாவநிவாரணத்துக்கு ஒரு சொட்டு ரத்தமில்லாமல் வெறும் மாவு! மேடைப் பிரசங்கங்களில் இதை நான் அதிகம் கேட்டதில்லை. யூதக் குழந்தைகளுக்குப் பாடம் லேவியராகமத்தில்தான் தொடங்கும் என்றொரு பழைய வழக்கம் உண்டு. பலிகளும் தூய்மையானவை, குழந்தைகளும் தூய்மையானவர்கள் என்பது அவர்கள் சொல்லும் காரணம். அவர்கள் என்னைப் பார்த்ததில்லை.

மறுநாள் காலை, கிறிஸ்மஸுக்கு மாமா தந்திருந்த காசில் ஆறு முட்டை வாங்கி, தவிடு போட்ட ஓலைப்பெட்டியில் வைத்து ஆச்சி என் கையில் கொடுத்தாள். கூட வரவில்லை. நடந்தது முப்பது அடிகூட இருக்காது. அத்தை முற்றம் தெளித்துக்கொண்டிருந்தாள். சொல்லி முடிக்குமுன் அழுதுவிட்டேன். அவள் ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினாள்.

"அஞ்சுன்னுதானல சொன்ன? இது எதுக்கு?"

"அது லேவியராகமம் அத்தை."

அவளுக்கு என்ன விளங்கியதோ, ஆறையும் உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டுப் பெட்டியை மட்டும் தந்தாள். ஒன்றையாவது திருப்பித் தருவாள் என்று கொஞ்ச நேரம் நின்றேன்.

மூன்றாம் ராத்திரி பத்தொன்பதாம் அதிகாரம். பரிசுத்தம் என்றால் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை என்றிருந்த எனக்கு, அங்கே வயலின் ஓரத்தை அறுக்காமல் விடு, கூலிக்காரனின் கூலியை விடியுமட்டும் வைத்துக்கொள்ளாதே என்றெல்லாம் வந்தது வேடிக்கையாக இருந்தது. பனையேறி வந்தால் பொழுது சாயுமுன் ஆச்சி முந்தி முடிச்சை அவிழ்ப்பது நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலை வைக்கோற்படப்புக்குள் கொக்கரிப்பு. எட்டிப் பார்த்தேன். கருங்கோழி எழுந்து உதறிக்கொண்டு போனது. முட்டை சூடாக இருந்தது.

"அத்தை!" என்று கத்தினேன்.